நாலு பிரிவு சட்டமும் நம்ம 1939 சட்டமும்: கொள்ளைநோய்க்கு ஒரு நாடு எப்படித் தயாராகுது?

1/ கொரோனா முடிஞ்சு போச்சுன்னு எல்லாரும் மறந்துட்டோம். "அடுத்தது வந்தா என்ன பிளான்?"னு கேட்டா, பதில் சொல்ல ரொம்ப வருஷம் பின்னாடி போகணும். கொஞ்சம் நீளமான த்ரெட். பொறுமையா படிங்க மக்களே.

2/ 1896 செப்டம்பர். பம்பாயில் பிளேக். துறைமுக நகரம், வியாபாரம் நின்னா பிரிட்டிஷ் அரசுக்கு நஷ்டம். அவசர அவசரமா 1897 பிப்ரவரி 4-ல் ஒரு சட்டம் போட்டாங்க: தொற்றுநோய்கள் சட்டம். மொத்தமே நாலு பிரிவுதான்.

3/ அதன் சாரம் இவ்ளோதான்: அரசு எந்த உத்தரவும் போடலாம். மீறினா தண்டனை. உத்தரவை நிறைவேத்துற அதிகாரி மேல வழக்குப் போட முடியாது. தொற்றுநோய்னா என்னன்னு விளக்கம் கிடையாது. நோயாளிக்கு அரசு என்ன செய்யணும்னு ஒரு வரி கிடையாது.

4/ பூனாவில் சிப்பாய்கள் வீடு வீடா புகுந்து சோதனை போட்டாங்க. ஜனங்க என்ன செஞ்சாங்க? நோயாளியை ஒளிச்சு வெச்சாங்க. கோபம் முத்தி, 1897 ஜூன் 22-ல் பிளேக் அதிகாரி ராண்ட் சாபேகர் சகோதரர்களால் சுடப்பட்டார். பயமுறுத்தினா மக்கள் நோயை மறைப்பாங்க. இது தொற்றுநோயியலின் பாலபாடம்.

5/ இப்ப நம்ம ஊருக்கு வருவோம். கோட்டூர்புரத்துக்குப் பக்கத்துலயே, கிண்டியில் கிங் இன்ஸ்டிடியூட் இருக்கே, தெரியுமா? அம்மை தடுப்பூசி தயாரிக்க 1899-ல் ஆரம்பிச்ச இடம். சென்னை மாகாணத்தின் சுகாதார ஆணையராக இருந்த கிங் என்பவரின் பெயர். நோய் வர்றதுக்கு முன்னாடியே தயாராகணும்ங்கற யோசனை இங்க அப்பவே இருந்தது.

6/ 1920-களில் சென்னை மாகாணத்தில் பொது சுகாதாரத்துக்குன்னே தனித் துறை வந்தது. ஆஸ்பத்திரி வேற, பொது சுகாதாரம் வேற. வந்த நோயாளியைப் பார்ப்பது முதல் துறை. நோயே வராம தண்ணி, சாக்கடை, கொசுவைப் பார்ப்பது ரெண்டாவது துறை. இந்தப் பிரிவினை இன்னிக்கும் தமிழ்நாட்டின் பெரிய பலம்.

7/ அடுத்து 1939. ராஜாஜி அமைச்சரவை. சுகாதார அமைச்சர் டாக்டர் டி.எஸ்.எஸ். ராஜன். அப்ப வந்ததுதான் மதராஸ் பொது சுகாதாரச் சட்டம். இந்த அளவுக்கு விரிவான சட்டம் இந்தியாவில் அதுக்கு முன்னாடி கிடையாது. இன்னிக்கும் அமலில் இருக்கு.

8/ இதுல என்ன இருக்கு? குடிநீர், வடிகால், கொசு ஒழிப்பு, உணவு, தங்கும் விடுதி, தாய் சேய் நலம், கூட்டம் சேரும் திருவிழாவுக்கு என்ன ஏற்பாடு வேணும்னு எல்லாமே. குறிப்பிட்ட தொற்றுநோயைப் பார்த்த டாக்டர் உடனே தகவல் சொல்லணும்ங்கறதும் இருக்கு. 1897 சட்டம் அரசுக்கு அதிகாரம் கொடுத்தது. 1939 சட்டம் அரசுக்கு வேலையும் கொடுத்தது.

9/ இது வேலை செய்யுமா? 2015 டிசம்பர். அடையாறு கரை புரண்டு கோட்டூர்புரம் குடியிருப்புகளுக்குள்ள வெள்ளம் வந்தது. சாக்கடையும் குடிநீரும் ஒண்ணா கலந்த நிலை. காலரா வெடிக்கும்னு எல்லாருக்கும் பயம். குளோரின், பிளீச்சிங் பவுடர், நடமாடும் மருத்துவ முகாம்கள், வெளி மாவட்டங்களிலிருந்து வந்த தூய்மைப் பணியாளர்கள்... பயந்த மாதிரி பெரிய கொள்ளைநோய் வரல. வராத நோய்க்கு யாரும் கைதட்ட மாட்டாங்க. அதான் இந்தத் துறையோட சோகம்.

10/ தேசிய அளவில்? சுனாமிக்குப் பிறகு பேரிடர் மேலாண்மைச் சட்டம், 2005. உயிரியல் பேரிடர்களுக்கான வழிகாட்டி நெறிமுறை, 2008. பழைய சட்டத்துக்கு மாற்றாக ஒரு வரைவு மசோதா, 2017. அது சட்டமாகவே இல்ல. 2020 மார்ச்சில் கொரோனா வந்தப்ப கையில் எடுத்தது அதே 1897 சட்டத்தையும் பேரிடர் சட்டத்தையும்தான்.

11/ அந்தச் சட்டத்தில் மருத்துவப் பணியாளருக்குப் பாதுகாப்பே இல்ல. 2020 ஏப்ரலில் கொரோனாவில் இறந்த ஒரு டாக்டரை அடக்கம் செய்யப் போனவங்க மேல நம்ம சென்னையிலேயே கல்லெறிஞ்சாங்க. சில நாளில், ஏப்ரல் 22-ல், மத்திய அரசு அவசரச் சட்டம் கொண்டு வந்தது. 123 வருஷம் கழிச்சு, உயிர் போன பிறகு, ஒரு திருத்தம்.

12/ 2024-ல் ரெண்டு விஷயம் நடந்தது. பிப்ரவரியில் சட்ட ஆணையம் தன் 286-வது அறிக்கையில் 1897 சட்டத்தின் ஓட்டைகளைச் சொன்னது. செப்டம்பரில் நிதி ஆயோக் நிபுணர் குழு, பொது சுகாதார அவசரநிலைக்குத் தனிச் சட்டமும் தனி நிதியும் வேணும், முதல் 100 நாள்தான் முக்கியம்னு சொன்னது. சரியான பேச்சு.

13/ ஆனா என் கவலை ஒண்ணு. புதுச் சட்டம் எழுதும்போது பூட்டு போடுற அதிகாரத்தை மட்டும் பெருசாக்கிட்டு, சாதாரண நாளில் தெருவில் வேலை பார்க்கும் சுகாதார ஆய்வாளரையும் கிராம செவிலியரையும் மறந்துடக் கூடாது. நூறு நாளில் எதையும் புதுசா கட்ட முடியாது. ஏற்கனவே இருக்கறதைத்தான் ஓட்ட முடியும்.

14/ நம்மகிட்டயும் குறை உண்டு. தனியார் கிளினிக்கில் பார்த்த டெங்கு, டைபாய்டு பற்றிய தகவல் பல நேரம் சுகாதாரத் துறைக்குப் போறதே இல்ல. சக மருத்துவர்களே, அது நம்ம சட்டக் கடமை.

15/ பொதுமக்களுக்கு: உங்க தெருவில் ஒரே வாரத்தில் நாலைந்து வீட்டில் காய்ச்சலோ வயிற்றுப்போக்கோ இருந்தா, வாட்ஸ்அப் குரூப்போட நிறுத்தாதீங்க. மாநகராட்சிக்கு 1913, சுகாதார உதவிக்கு 104. பெரிய கொள்ளைநோய் எல்லாம் ஒரு காலத்தில் நாலு வீட்டு காய்ச்சலாத்தான் இருந்தது.