லயத்திலிருந்து வன்னிக்கு: மாத்தளை மாவட்ட மலையகத் தமிழரின் இடப்பெயர்வு

19ஆம் நூற்றாண்டில் மன்னார்க் கரையில் இறங்கிய தென்னிந்தியத் தொழிலாளர் வடக்குப் பாதை வழியே காடு கடந்து, தம்புள்ளை தாண்டி மலைநாட்டுக்குள் நுழைந்த வாயில் மாத்தளை. காய்ச்சலும் வாந்திபேதியும் வழியிலேயே பலரைக் கொண்டுபோயின. பிழைத்தவர்கள் கோப்பித் தோட்டங்களில் குடியமர்ந்தனர். 1869இல் தலைகாட்டிய இலைத்துரு நோய் கோப்பியை அழித்தபின் தேயிலை, இறப்பர், கொக்கோ என்று பயிர் மாறியது, குடியிருப்பு மாறவில்லை. லயம் எனப்படும் வரிசை வீடுகளில் பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பரா தோட்டத்தின் சொத்து. தோட்டப் பதிவேட்டில் பெயர் இருக்கும்வரைதான் அது தொழிலாளியின் வீடு. வேலை போனால் கூரையும் போகும். பின்னாளைய வெளியேற்றங்கள் அனைத்துக்கும் வேர் இங்கேதான் இருக்கிறது.

1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் இம்மக்களில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1964 அக்டோபரில் கையெழுத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 9,75,000 பேரைப் பங்கிட்டது: 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, எஞ்சியோர் பிறகு பேசப்பட வேண்டியவர். தலைமன்னார் வரை ரயில், அங்கிருந்து இராமேஸ்வரத்துக்குக் கப்பல். நடந்து வந்தவர்களின் பேரப்பிள்ளைகள் வந்த வழியிலேயே திரும்பினார்கள். அது எல்லை கடந்த பயணம். நாட்டுக்குள்ளேயே நிகழ்ந்த பெயர்வு இந்த அளவுக்குப் பேசப்படவில்லை.

அது பெரிதாகத் தொடங்கியது 1972ஆம் ஆண்டுக் காணிச் சீர்திருத்தச் சட்டத்துடன். தனியார் ஒருவருக்கு 50 ஏக்கர் (நெற்காணி 25 ஏக்கர்) என்ற உச்சவரம்பு விதிக்கப்பட்டது. 1975இல் கம்பனித் தோட்டங்களும் அரசுடைமையாயின. நுவரெலியாவில் தோட்டங்கள் ஒன்றையொன்று தொட்டுக் கிடந்தன. மாத்தளையிலோ அவை சிங்களக் கிராமங்களுக்கிடையே சிதறிய நடுமலைத் தோட்டங்கள். நிலமற்ற கிராமத்தவருக்குக் காணி பிரிக்கப்பட்டபோது, லயத்தில் தலைமுறையாக இருந்தவர் அந்தப் பகிர்வில் பெரும்பாலும் சேர்க்கப்படவில்லை. அரசு கையேற்ற தோட்டங்கள் பலவற்றிலிருந்து துரத்தவும்பட்டனர். 1973–74 உணவுத் தட்டுப்பாடு அதன்மேல் விழுந்தது. தோட்டப்புறங்களில் பட்டினிச் சாவுகள் நேர்ந்தன.

துரத்தப்பட்டவர்கள் வடக்கு நோக்கிப் போனார்கள். தமிழருக்கு எதிரான 1977 ஆகஸ்ட் வன்செயல்கள் மலையகத் தோட்டங்களுக்கும் பரவியபின் அந்தப் போக்கு வேகமெடுத்தது. வன்னியில், வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் காடு வெட்டிக் குடியிருப்புகள் எழுந்தன. கட்டடக்கலைஞர் எஸ்.ஏ. டேவிட், மருத்துவர் இராஜசுந்தரம் ஆகியோரின் காந்தியம் இயக்கம் வவுனியாப் பகுதியில் பலரைக் குடியமர்த்தியது. இருவரும் 1983 ஏப்ரலில் கைதாகினர். அவ்வாண்டு ஜூலையில் வெலிக்கடைச் சிறையில் இராஜசுந்தரம் கொல்லப்பட்டார். அதே ஜூலையில் தமிழருக்கு எதிராக மூண்ட வன்செயல்களில் மாத்தளை நகரில் தமிழர் கடைகளும் வீடுகளும் எரிந்தன. முத்துமாரியம்மன் கோயிலும் தப்பவில்லை.

எத்தனை பேர் போனார்கள் என்பதை மக்கள்தொகைக் கணக்கைக் கொண்டு மட்டும் சொல்வது சரியாகாது. தம்மை 'இந்தியத் தமிழர்' என்று பதிந்தவர்களில் ஒரு பகுதியினர் பிறகு 'இலங்கைத் தமிழர்' என்று பதிந்தனர். கணக்கில் 'இந்தியத் தமிழர்' எண்ணிக்கை குறைந்ததற்குப் புறப்பாடு மட்டும் காரணமல்ல.

வன்னி நிலைத்த புகலிடமாகவில்லை. உள்நாட்டுப் போரின் 2008–09 இறுதிக் கட்டத்தில் இம்மக்களும் அவர்கள் பிள்ளைகளும் கிளிநொச்சியிலிருந்து முல்லைத்தீவுக் கரைவரை பெயர்ந்து, செட்டிகுளம் மெனிக்பாம் முகாமில் அடைபட்டனர். முகாம் 2012 செப்டம்பரில் மூடப்பட்டது.

மாத்தளை மாவட்டத்திலேயே வேறொரு வகைப் பெயர்வும் நடந்தது. அம்பன் கங்கையின் குறுக்கே எழுந்த மொறகஹகந்தை அணையும் லக்கலைப் பகுதியின் களுகங்கை அணையும் பல கிராமங்களை நீருக்குள் ஆழ்த்தின. பழைய லக்கலை நகரம் மூழ்க, புதிய நகரம் கட்டப்பட்டது. 1998இல் ஐக்கிய நாடுகள் வகுத்த உள்நாட்டு இடப்பெயர்வு வழிகாட்டு நெறிகள் பெருந்திட்டங்களால் பெயர்க்கப்படுவோரையும் கருத்தில் கொள்கின்றன. மாற்றுக் காணி குறித்து லக்கலை மக்களுக்குக் குறைகள் உண்டு. ஆனால் பேசுவதற்கு ஒரு காணி இருந்தது. 1970களில் லயத்தை விட்டுப் போனவர்களிடம் ஈடு கோருவதற்குக் காட்டத்தக்க காணி உறுதி ஒன்றுகூட இருக்கவில்லை.