வழுக்கையாறு: குளங்களால் கோர்த்த ஓர் ஆறு

"யாழ்ப்பாணத்தில ஆறு இல்லை." பள்ளிக்கூடத்துப் புவியியல் பாடத்தில இருந்து ஊர்த் திண்ணைப் பேச்சு வரைக்கும் இந்த வசனம் ஓடித் திரியுது. ஆனால் தெல்லிப்பழைப் பக்கம் தொடங்கி, அளவெட்டி, கந்தரோடை, சண்டிலிப்பாய், நவாலி, வட்டுக்கோட்டைப் பக்கங்களால் வந்து அராலியில் கடனீரேரியைச் சேரும் ஒரு நீரோட்டத்துக்கு எங்கட முன்னோர் வைத்த பெயர் வழுக்கையாறு. வாய்க்கால் எண்டில்லை, ஆறு எண்டே சொன்னார்கள்.

மகாவலி 335 கிலோமீற்றர். இது இருபது கிலோமீற்றர்கூட இல்லை. வருசம் முழுக்க ஓடவும் மாட்டாது. ஐப்பசி, கார்த்திகை மாரியில் மேட்டுநிலத்தில் விழும் மழை பள்ளம் பார்த்து இறங்கும். ஒரு குளம் நிரம்பி வழிந்தால் அடுத்த குளம், அது நிரம்பினால் அதற்கடுத்தது. போகிற வழியில் வயல்களுக்குப் பாயும், சுண்ணாம்புக்கல்லுக்குள் ஊறும். பங்குனி, சித்திரையில் எங்கட கிணறுகளில் நாங்கள் அள்ளுவது மாரியில் ஊறிய இந்தத் தண்ணியைத்தான். அராலியில் கட்டப்பட்ட தடுப்பணை, கடல் உவர் உள்ளே ஏறாமலும் நன்னீர் வீணாய்ப் போகாமலும் காக்கிறதற்கானது.

இந்த ஆற்றோரம் மனிதர் குடியிருந்த காலம் மிகப் பழையது. கந்தரோடையில் 1917 அளவில் போல் பீரிஸ் ஆய்வு செய்தார். 1970இல் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகக் குழு அகழ்ந்தது. கறுப்பு சிவப்பு மட்பாண்டங்கள், உரோம நாணயங்கள், பௌத்தச் சின்னங்கள் எல்லாம் அந்த மண்ணில் இருந்து வந்தவை. கடல் கடந்த வணிகத்தோடு தொடர்பு கொண்ட ஒரு பெரிய குடியிருப்பு அங்கே இருந்தது எண்டதுக்கு இவை சாட்சி. அந்தக் குடியிருப்புக்குச் சோறு போட்டது குளமும் வயலும். கந்தரோடை பற்றிப் பேசும்போது 'ஆர் ஆண்டவை, எந்தச் சமயம்' எண்டு சண்டை பிடிக்கிறம். அவர்கள் எந்தத் தண்ணியைக் குடித்தார்கள் எண்டு கேட்கிறது குறைவு.

குளம் தானாக உயிரோடிருக்காது. தூர்வார வேணும், வரம்பு கட்ட வேணும். அதற்கு ஊரில் சனம் வேணும். 1990இல் வலிகாமம் வடக்கின் பல ஊர்கள் வெறுமையாகின. 1995 ஒக்ரோபர் 30இல் வலிகாமமே இடம்பெயர்ந்தது. போர் வீடுகளை மட்டும் உடைக்கவில்லை, தண்ணியைப் பராமரித்த கைகளையும் ஊரை விட்டுக் கலைத்தது.

சனம் திரும்பி வந்த பிறகு வேறு பிரச்சினை. கோடையில் காய்ந்து கிடக்கும் பள்ளத்தைப் பார்த்தால் வெறுங்காணி மாதிரித்தான் தெரியும். மண் போட்டு நிரப்பி மதில் கட்டினால், மாரியில் தண்ணி தன் பழைய வழியைத் தேடி வீட்டுக்குள் வருது. 'வெள்ளம் வந்திட்டுது' எண்டு சொல்லுறம். உண்மையில் வந்தது ஆறு.

2014, 2015 காலத்தில் சுன்னாகப் பக்கக் கிணறுகளில் கழிவு எண்ணெய் கலந்தபோது நிலத்தடி நீர் மதில் பார்த்து நிற்காது எண்டு எல்லாருக்கும் விளங்கினது. வழுக்கையாற்றில் நாங்கள் கொட்டும் குப்பையும் அப்படித்தான், ஊர் எல்லை பார்க்காது.

'ஆறு இல்லை' எண்டு சொல்லச் சொல்ல, அதை நிரப்புவதும் அதில் குப்பை போடுவதும் சுகமாகிப் போகுது. ஆகவே முதலில் அதன் பெயரைச் சொல்லிப் பழகுவம். வாற மாரியில் உங்கட ஊர்க் குளம் வழிந்தால், அந்தத் தண்ணி அடுத்து எந்தக் குளத்துக்குப் போகுது எண்டு ஒருக்கா நடந்து பாருங்கோ.