இடிபாட்டின் கீழே தொடங்கும் சிகிச்சை

கண்டி இராச்சியம் 1815இல் ஆங்கிலேயர் வசமான பின்னர், கொழும்பையும் கண்டியையும் இணைக்கும் வீதி கடுகண்ணாவைக் கணவாயூடாக அமைக்கப்பட்டது. அப்பணியை முன்னின்று நடத்திய கப்டன் டோசனின் நினைவாக 1832இல் எழுப்பப்பட்ட கோபுரம் மலையை மனிதன் வென்றதன் சின்னமாக இன்றும் நிற்கின்றது. ஆயின் அவ்வெற்றி முழுமையானதன்று என்பதை, 2025 நவம்பரில் பஹல கடுகண்ணாவையில் வீதியோரம் பாறையும் மண்ணும் சரிந்து உயிர்களைப் பலிகொண்ட நிகழ்ச்சி உணர்த்தியது. இத்தகைய இடர்களில் உயிருடன் மீட்கப்படுவோருள்ளும் சிலர் சில நாட்களில் இறப்பதேன்? இவ்வினாவுக்கு மருத்துவ வரலாறு கண்ட விடையை நோக்குவதே இக்கட்டுரையின் எல்லையாகும்.

இரண்டாம் உலகப்போரில் இலண்டன் நகர்மீது குண்டுகள் வீழ்ந்தபோது, இடிபாடுகளுள் பல மணிநேரம் கால் நசுங்கிக் கிடந்தோர் மீட்கப்பட்டனர். முதலில் தேறியவர் போலத் தோன்றிய அவர்கள், சிறுநீர் கறுத்துக் குறைந்து ஒரு வாரத்தினுள் இறந்தனர். இத்தகைய நால்வரின் வரலாற்றை எரிக் பைவாட்டர்ஸ், டெஸ்மண்ட் பீல் ஆகியோர் 1941இல் வெளியிட்டனர். ஜப்பானியரான மினாமி 1923இலேயே இதனையொத்த நிலையை எழுதியிருந்தும், உலகின் கவனத்தை ஈர்த்தது இலண்டன் ஆய்வே எனலாம்.

பாரத்தின்கீழ் நசுங்கிய தசை சிதைகின்றது. பாரம் அகன்றதும் குருதி மீண்டும் பாய, தசையினுள் அடங்கியிருந்த பொட்டாசியம் உடலெங்கும் பரவி இதயத்தை நிறுத்தக்கூடும்; மயோகுளோபின் என்னும் செந்நிறப் புரதம் சிறுநீரகத்தின் நுண்குழாய்களை அடைக்கின்றது. எனவே மீட்பே ஆபத்தின் தொடக்கமாகவும் அமைந்துவிடுகின்றது.

இதற்கு இருவழிகளில் பரிகாரம் தேடப்பட்டது. வில்லெம் கொல்ஃப் 1943இல் ஒல்லாந்தில் இயக்கிய செயற்கைச் சிறுநீரகம் முதலாவது வழி. 1999ஆம் ஆண்டுத் துருக்கிப் பூகம்பத்தில் 477 பேருக்குக் குருதிச் சுத்திகரிப்புத் தேவைப்பட்டமை அதன் பயனைக் காட்டும். இரண்டாவது வழி எளியது. 1982இல் தென் லெபனானில் கட்டடமொன்று இடிந்தபோது, சிக்கியவர்களுக்கு மீட்புக் களத்திலேயே நாளத்தினூடாகத் திரவம் செலுத்தப்பட்டது. இவ்வாறு சிகிச்சை பெற்ற எழுவருள் ஒருவருக்கேனும் சிறுநீரகம் செயலிழக்கவில்லை.

இன்றைய தீவிர சிகிச்சைப் பிரிவும் இவ்வரலாற்றின் வழியதே. பொட்டாசியம் அடிக்கடி அளக்கப்படும்; இதயத்துடிப்பு இடையறாது கண்காணிக்கப்படும்; சேலைன் செலுத்தி, மணிக்கு மணி சிறுநீர் அளவிடப்படும்; சிறுநீரகம் தோற்பின் குருதிச் சுத்திகரிப்பு மேற்கொள்ளப்படும். ஆயினும் அங்கு கிடைக்கும் வெற்றி, நோயாளி அங்கு வந்துசேருமுன் கழிந்த மணிநேரங்களைப் பெரிதும் பொறுத்தது.

மலைநாட்டுக்கு இவ்வுண்மை தனிச்சிறப்புடையது. சரிவு வீதியையும் மூடிவிட்டால் கண்டியோ பேராதனையோ அருகிலிருந்தும் எட்டாத் தொலைவாகிவிடும். ஆதலால் மண்வெட்டியுடன் சேலைனும், அதனை ஏற்றத்தெரிந்த கைகளும் சரிவிடத்தை அடைதல் வேண்டும். பாறையைப் புரட்டுதல் மீட்பின் பாதியே. பாறைக்கடியிற் கிடப்பவனின் சிறுநீரகத்தைக் காத்தலே மறுபாதி என்பது வரலாறு நமக்குத் தரும் பாடமாகும்.