அஞ்சு வேத பொஸ்தகமும் தரங்கம்பாடி வினாக்களும்

1706ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 9ஆம் நாள் தரங்கம்பாடிக் கரையில் ஜெர்மானியர் இருவர் வந்திறங்கினர். அவருள் ஒருவரான பர்த்தலோமேயு சீகன்பால்குக்கு அன்று இருபத்து நான்கு வயது நிறைய ஒரு நாள் குறைவு. உடன் வந்தவர் என்றிக்குப் புளுட்சோ. அனுப்பியவர் டென்மார்க்கு மன்னர். 1620இல் தஞ்சை இரகுநாத நாயக்கரோடு செய்துகொண்ட உடன்படிக்கையால் டேனியர் வசமான ஊர் தரங்கம்பாடி. அதனைச் சூழ்ந்த நாடோ அப்போது மராத்திய மன்னர் சாகசியின் ஆட்சியில் இருந்தது.

சீகன்பால்கு திண்ணைப் பள்ளியில் சிறுவரோடு அமர்ந்து மணலில் எழுத்துப் பழகினார். இரண்டே ஆண்டுகளில், 1708இல், தாம் திரட்டிய தமிழ் நூல்கள் 119க்கு அட்டவணையே எழுதிவிட்டார். நீதி வெண்பா, கொன்றை வேந்தன், உலகநீதி ஆகியவற்றை அதே ஆண்டில் ஜெர்மன் மொழியிற் பெயர்த்தார். கண்டிக்க வந்தவர் கற்றுவிட்டார். அதுவே பின்னர் அவருக்குச் சங்கடமாயிற்று.

அவர் கையில் இருந்தது ஒரு வேதம். அது கடவுள் அருளியது. ஆதலின் ஐயத்திற்கு இடமில்லை என்பது அவர் துணிபு. ஆனால் அவர் வந்து சேர்ந்த நாடு இவ்வினாவுக்குப் புதியதன்று. நூலின் சொல்லை எவ்வளவு நம்பலாம் என்பதை இங்கே ‘அளவை’ என்ற பெயரால் நூற்றாண்டுக் கணக்கில் ஆராய்ந்திருந்தனர். காவிரிப்பூம்பட்டினத்தில் கதை தொடங்கும் மணிமேகலையில் அளவைவாதி அளவைகளை அடுக்கி ஆகமத்தையும் அவற்றுள் ஒன்றாக வைக்கிறான். அறவண அடிகளோ காட்சியும் கருதலுமாகிய இரண்டே போதும் என்று, ஏனையவற்றைக் கருதலுள் அடக்கிவிடுகிறார். அதாவது, நூல் சொல்வது என்பதனாலேயே ஒன்று மெய்யாகிவிடாது. சிவஞான சித்தியார் இதனை ஏலாமல் காட்சி, கருதல், உரை என மூன்று கொண்டது. பிற சமயங்களை மறுக்கப் பரபக்கம் என்று ஒரு பகுதியையே ஒதுக்கியது. திருவாவடுதுறையும் தருமபுரமும் தரங்கம்பாடிக்குத் தொலைவில் இல்லை. கப்பலில் வந்த இளைஞர் அறியாமலே பழைய வழக்கொன்றில் புதிய வாதியாக நுழைந்தார் எனலாம்.

வாதங்கள் வீட்டிலும் கோயில் வாயிலிலும் வழிப்பயணத்திலும் நிகழ்ந்தன. அந்தணரும் பிற வகுப்பினரும் இசுலாமியரும் கலந்துகொண்டனர். புராணங்களின் முரண்பாடுகளைச் சீகன்பால்கு சுட்டுவார்; அவை திருவிளையாடல் என்று மறுமொழி வரும். உருவ வழிபாட்டை அவர் கடிவார்; அதைச் சிவவாக்கியர் அவரினும் கடுமையாகவே கடிந்திருந்தார். சீகன்பால்கு அதனை அறிந்து சிவவாக்கியரையே சான்றுக்கு அழைத்தார். ஆனால் உருவத்தை மறுத்த சித்தர், வேறொரு நூலை அதன் இடத்தில் வைக்கவில்லை என்பதை அவர் எண்ணிப் பார்த்ததாகத் தெரியவில்லை.

1712இல் சீகன்பால்கும் 1709இல் வந்து சேர்ந்த கிரண்ட்லரும் ஓர் அரிய செயல் செய்தனர். சமயம், வழிபாடு, வாழ்க்கை பற்றிய வினாக்களை எழுதித் தமிழர்க்கு விடுத்து, எழுத்திலேயே விடை பெற்றனர். அவ்வாறு வந்தவற்றுள் 99 மடல்கள் ஜெர்மன் மொழியாக்கத்தில் ஹாலே நகரில் அச்சேறின. பெரும்பாலானவற்றை எழுதியவர், முன்னர்ச் சீகன்பால்குக்கு மொழிபெயர்ப்பாளராயிருந்து தரங்கம்பாடியை விட்டு வெளியேற்றப்பட்ட அழகப்பன் என்பவரே என்று ஆய்வாளர் சிலர் கருதுவர்.

அம்மடல்களில் தளர்ந்த குரல் இல்லை. பரம்பொருள் ஒன்றே என்பது எங்களுக்கும் உடன்பாடு. பிற தெய்வங்கள் அதன் ஏவலால் தொழில் செய்வோர் என்கின்றன அவை. அந்தந்த மக்கள் தத்தம் நெறியில் நின்றே கரையேறலாம் என்கின்றன. உங்கள் வேதம் நன்றாயிருக்கலாம், அதனைக் கைக்கொண்டோர் ஒழுக்கம் ஏன் இப்படி இருக்கிறது என்று கேட்கின்றன. துறைமுகத்தில் குடித்துத் திரிந்த ஐரோப்பியரைக் கண்டவர்க்கு இவ்வினா எழுவது இயல்பே. சீகன்பால்கும் அதனை மறுக்க இயலாதவராகவே இருந்தார். 1708 இறுதியில் டேனியத் தளபதி அசியுசு அவரையே நான்கு திங்கள் சிறையில் வைத்திருந்தாரே!

1713இல் தரங்கம்பாடி அச்சகம் வெளியிட்ட தொடக்க நூல்களுள் ஒன்றின் பெயர் ‘அக்கியானம்’. மறு ஆண்டு நற்செய்தி நூல்கள் நான்கும் அப்போஸ்தலர் நடபடிகளும் ‘அஞ்சு வேத பொஸ்தகம்’ என்னும் பெயரால் வெளிவந்தன. 1715இல் புதிய ஏற்பாடு முழுமையும் நிறைவெய்தியது. நான்கு வேதம் கேட்டுப் பழகிய நாட்டில் ‘அஞ்சு’ என்ற எண் எவ்வாறு ஒலித்திருக்கும்! வேதம் என்ற சொல்லையே எடுத்தாண்டதால் அச்சொல்லோடு ஒட்டிய வழக்குகளையும் அவர் ஏற்க வேண்டியதாயிற்று.

அடுத்த தாக்குதல் கிறித்துவரிடமிருந்தே வந்தது. கொள்ளிடத்துக்கு வடகரையில் ஏலாக்குறிச்சியில் இருந்த வீரமாமுனிவர், வேதவிளக்கத்திலும் லுத்தேரினத்தியல்பிலும் தரங்கம்பாடியாரின் கொள்கையோடு அவர்தம் தமிழையும் எள்ளினார். தேம்பாவணி பாடிய செவிக்கு அந்த உரைநடை பொறுக்கவில்லை. இங்கே அவர் கண்ட குறை நுட்பமானது. இறைவன் வாக்கு எனப்படுவது பிழைபட்ட மொழியில் வந்தால் அதனை எவர் இறைவன் வாக்கென்று கொள்வர்? எனினும் நடுநிலையில் நோக்கின், சீகன்பால்கு புலவர்க்கு எழுதவில்லை. அவர் மொழி கடற்கரையில் பேசப்பட்ட மொழி. அதில் இலக்கணம் சிதைந்தது உண்மை, ஆனால் கேட்டவர்க்குப் பொருள் புரிந்தது.

கடவுளைக் குறிக்கும் சொல்லே நிலைகொள்ளவில்லை. சீகன்பால்கு ‘சருவேசுரன்’ என்றார். பின்வந்த பபிரிசியுசு ‘பராபரன்’ என்றார். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ‘தேவன்’ வந்தது. இருபதாம் நூற்றாண்டு மொழிபெயர்ப்புகளில் ‘கடவுள்’ இடம்பெற்றது. மூலம் மாறாதது என்று நம்பிய ஒரு நூலில், முதன்மையான சொல்லைத் தமிழ் மூன்று முறை மாற்றி எழுதியிருக்கிறது.

சீகன்பால்கு 1713இல் தென்னாட்டுத் தெய்வங்களின் வரலாற்றை விரிவாக எழுதி ஹாலேக்கு அனுப்பினார். அஞ்ஞானத்தை அகற்ற அனுப்பப்பட்டவர் அதனை ஐரோப்பாவில் பரப்ப வேண்டா என்பதே அங்கிருந்து வந்த மறுமொழி எனப்படுகிறது. கைப்படி பெட்டியில் உறங்கி, 1867இல் சென்னையில் அச்சாயிற்று. ஆசிரியர் மறைந்து 148 ஆண்டுகள் கழிந்திருந்தன.

தமிழர் எழுதிய மடல்களின் மூலம் கிடைக்கவில்லை. 2013இல் அவை முழுமையாக ஆங்கிலத்தில் வந்தபோதும் அந்த ஜெர்மன் ஆக்கத்திலிருந்தே பெயர்க்கப்பட்டன. நூலை நம்பலாமா என்று கேட்ட அந்தக் காவிரிக்கரை மனிதரின் சொற்களை, அவர்களை மறுக்க முனைந்தவர் எழுதிவைத்தபடியே இன்றும் நாடு படிக்கிறது.