அருகம்புல் தரை

வெப்ப நாடுகளில் வீட்டு முற்றத்தில் வளர்க்க மிகவும் ஏற்ற புல்தரை. அருகு தரைமேல் ஓடும் தண்டாலும் மண்ணுக்குள் ஓடும் கிழங்குத்தண்டாலும் பரவுவதால், மிதிபட்டாலும் காய்ந்தாலும் மீண்டும் துளிர்க்கும். குளிர்தான் இதற்கு ஆகாது: உறைபனி விழும் உதகையில் பழுத்துவிடும்; சமவெளியில் நீர் கிடைத்தால் ஆண்டு முழுவதும் பச்சையாக இருக்கும். நிழலையும் தாங்காது. மாமரத்தடியில் இதை வளர்க்க முயல்வது வீண் உழைப்பு.

தினமும் மேலாக நீர் தெளிப்பதே பலரும் செய்யும் தவறு. அதனால் வேர் மேலேயே நின்றுவிடுகிறது. வாரம் இரண்டு முறை, விடியற்காலையில், அரை அடி ஆழம் நனையும்படி பாய்ச்ச வேண்டும். ஒரு வெட்டில் புல்லின் உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைக்கலாகாது. வெட்டிய துணுக்குகளை அங்கேயே விட்டால் தழைச்சத்து மண்ணுக்குத் திரும்பும்.

கோரைதான் பெரும் பகை. இழுத்தால் தாள் மட்டும் கையோடு வரும், கிழங்கு உள்ளேயே தங்கி மறுபடி முளைக்கும். ஈரமண்ணில் கிழங்கோடு தோண்டி எடுக்க வேண்டும்.

அமெரிக்காவின் ஜார்ஜியாவில் உருவாகி 1960-இல் வெளியான டிஃப்வே 419 என்னும் அருகம்புல் கலப்பினம் நெருக்கமான தரை தரும். அது விதை தராது; கரணை நட்டோ, புல்பத்தை பதித்தோதான் வளர்க்க முடியும்.