அறுபத்தேழாம் ஹைன்ரிக்கின் மகன் பதினான்காம் ஹைன்ரிக்

2022 டிசம்பர் 7ஆம் தேதி ஜெர்மனி முழுக்கப் பெரிய போலீஸ் நடவடிக்கை. அரசைக் கவிழ்க்கத் திட்டமிட்டார்கள் என்று கைதானவர்களில் 71 வயது பிரபு ஒருவரும் உண்டு. பெயர், ராய்ஸ் குடும்பத்துப் பதின்மூன்றாம் ஹைன்ரிக்.

வழக்கு ஒருபக்கம் இருக்கட்டும். என்னை உறுத்தியது அந்த 13. ஜெர்மனியில் மன்னராட்சி 1918லேயே முடிந்துவிட்டது. அப்படியானால் முதல் பன்னிரண்டு பேர் எந்த நாட்டை ஆண்டார்கள்?

தேடிப் பார்த்தால், ஆளவே இல்லை! அது அரியணை வரிசை இல்லை, பிறந்த வரிசை.

கதை 12ஆம் நூற்றாண்டில் தொடங்குகிறது. இன்றைய தூரிங்கியா, சாக்சனி எல்லைப் பக்கம் வைடா, கேரா, பிளாவன் ஆகிய ஊர்களைப் பேரரசரின் சார்பில் நிர்வகித்தவர்கள் இவர்கள். அந்தப் பதவிக்கு ஃபோக்ட் என்று பெயர். அந்த வட்டாரத்தை இன்றும் ஃபோக்ட்லாண்ட் என்றுதான் சொல்கிறார்கள். தங்களை வாழவைத்த பேரரசர் ஆறாம் ஹைன்ரிக்கின் நினைவாகக் குடும்பத்தில் எல்லா ஆண்களுக்கும் அதே பெயர் வைத்தார்கள் என்பது மரபாகச் சொல்லப்படும் காரணம்.

அண்ணன் ஹைன்ரிக், தம்பி ஹைன்ரிக், சித்தப்பா ஹைன்ரிக். எண் போடாமல் சமாளிக்க முடியுமா?

1564இல் குடும்பம் மூன்று கிளையானது. நடுக்கிளை 1616இல் அற்றுப்போக, மிஞ்சியவை மூத்த கிளையும் இளைய கிளையும். இளைய கிளையில் நூற்றாண்டு மாறும்போது எண்ணிக்கை மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கும். மூத்த கிளையிலோ நூறு வரை போய்விட்டுத்தான் ஒன்றுக்குத் திரும்ப வேண்டும். ஆள்கிறவரோ இல்லையோ, பிறக்கிற ஒவ்வொரு பையனுக்கும் அடுத்த எண். எங்கள் தொழிலில் டேட்டாபேஸில் வைப்போமே, ஆட்டோ இன்கிரிமென்ட், கிட்டத்தட்ட அதேதான்.

அதனால் இளைய கிளையை 1854க்கு முன்னும் பின்னும் ஆண்டவர்களின் வரிசை இப்படிப் போகிறது: 62, அவர் தம்பி 67, அவர் மகன் 14, அவர் மகன் 27. 1918இல் பதவி விலகியவர் அந்த 27. எண்ணைப் பார்த்து யார் மன்னர், யார் சும்மா ஒன்றுவிட்ட தம்பி என்று சொல்லவே முடியாது.

இதுவரை வேடிக்கை. மூத்த கிளையின் கதை அப்படி இல்லை.

கிரைட்ஸ் நகரைத் தலைநகராகக் கொண்ட 316 சதுர கிலோமீட்டர் நாடு அது. 1859இல் இருபத்திரண்டாம் ஹைன்ரிக் பட்டத்துக்கு வந்தபோது பதின்மூன்று வயதுப் பையன். 1867 வரை அவர் பெயரில் நிஜமாக ஆண்டவர் தாய் கரோலின். 1866 போரில் ஆஸ்திரியா பக்கம் நின்றதும் அவர் காலத்தில்தான். பிரஷ்யப் படை கிரைட்ஸுக்குள் புகுந்தது. மகனும் கடைசிவரை பிரஷ்யாவை வெறுத்தே வாழ்ந்தார்.

அவருக்கு ஒரு மகன், ஐந்து மகள்கள். மகன் இருபத்து நான்காம் ஹைன்ரிக், சிறுவயதில் நேர்ந்த விபத்தால் ஆளும் நிலையில் இல்லை. 1902இல் தந்தை இறந்ததும் பட்டம் அவருக்கே வந்தது. ஆனால் அவருக்குப் பதிலாக ஆட்சியைப் பார்த்துக்கொண்டது இளைய கிளை. ஐந்து சகோதரிகள் இருந்தும் அவர்களுக்கு எண்ணும் இல்லை, வாரிசுரிமையும் இல்லை. பாட்டி எட்டு வருஷம் நாட்டையே நடத்திக் காட்டிய வீடு இது!

அந்த ஐவரில் ஒருவரான ஹெர்மீனே, கணவரை இழந்தபின் 1922இல் நெதர்லாந்தின் டோர்னில் ஒருவரை மறுமணம் செய்துகொண்டார். மாப்பிள்ளை, நாடுகடந்து வாழ்ந்த கைசர் இரண்டாம் வில்ஹெல்ம். அப்பா ஜென்மப் பகையாக நினைத்த அதே பிரஷ்ய அரச குடும்பத்துக்காரர்!

1927இல் 24ஆம் ஹைன்ரிக் பிள்ளையில்லாமல் இறந்தார். மூத்த கிளை அத்தோடு முடிந்தது என்றுதான் எல்லா வரலாற்றிலும் எழுதியிருக்கிறது. ஹெர்மீனே அதன்பின் இருபது வருஷம் உயிரோடு இருந்தார். நூறு வரை எண்ணத் தயாராக இருந்த குடும்பம், இருபத்து நான்கோடு நிறுத்திக்கொண்டது.