அம்மம்மா ஏன் பானையை மூட விடவில்லை? – மரவள்ளியின் நஞ்சு வரலாறு

எங்கட அம்மம்மா மரவள்ளிக்கிழங்கு அவிக்கேக்கை பானையை மூட விடமாட்டா. "திறந்து வைச்சு அவி பிள்ளை, ஆவி போகட்டும்" என்பா. அவிந்த தண்ணியை அப்படியே வடித்து ஊத்திப்போடுவா. கிழங்கு சாப்பிட்ட நாளில் வீட்டில் ஒருத்தருக்கும் இஞ்சித் தேத்தண்ணி கிடையாது. ஏன் எண்டு கேட்டால், "நஞ்சாப் போகும்" எண்ட ஒரே பதில்தான். இந்த இஞ்சிப் பயம் எங்கட வீட்டில் மட்டும் இல்லை, சிங்கள நண்பர்களின் வீடுகளிலும் இருக்கிறது.

கனகாலமாக இதையெல்லாம் நான் மூடநம்பிக்கைக் கணக்கில்தான் போட்டு வைத்திருந்தேன். கம்பஸுக்கு வந்து உணவு வரலாறு பற்றி ஒரு ஒப்படைக்காக வாசிக்கத் தொடங்கிய பிறகுதான் அம்மம்மாவிடம் மன்னிப்புக் கேட்கவேண்டி வந்தது. இஞ்சியை விடுவோம். பானையை மூடாதே, தண்ணியை ஊத்து எண்ட இரண்டும் பல நூற்றாண்டு அனுபவம்.

மரவள்ளியின் கிழங்கிலும் இலையிலும் லினமரின் என்றொரு பொருள் இருக்கிறது. கிழங்கை வெட்டும்போதோ துருவும்போதோ கலங்கள் உடைந்து, தனியாக இருந்த நொதியம் ஒன்று லினமரினோடு சேர்கிறது. அப்போது வெளிவருவது ஐதரசன் சயனைட்டு. சயனைட் எண்ட சொல்லை எங்கட தலைமுறை வேறொரு கதையில் கேட்டுத்தான் வளர்ந்தது. அது குசினிக்குள்ளும் இருக்கிறது எண்டு ஒருவரும் சொல்லித் தரவில்லை. ஆனால் இந்த நஞ்சுக்கு ஒரு பலவீனம் இருக்கிறது. ஏறத்தாழ 26 பாகை செல்சியசிலேயே அது ஆவியாகிவிடும். லினமரினோ தண்ணியில் கரையும். ஆகவே தண்ணி, வெயில், பொறுமை மூன்றும் இருந்தால் மரவள்ளி நல்ல சாப்பாடு.

இதை முதலில் கண்டுபிடித்தவர்கள் மரவள்ளியின் தாயகமான தென்னமெரிக்காவின் பழங்குடி மக்கள். கசப்பு மரவள்ளியைத் துருவி, பின்னல் வேலையால் செய்த நீண்ட குழாய் போன்ற பைக்குள் அடைத்து, இழுத்துப் பிழிந்து, மாவை வறுத்து எடுத்தார்கள். அந்தப் பையின் பெயர் திப்பிட்டி. பிழிந்த நச்சுச் சாற்றைக்கூட அவர்கள் வீணாக்கவில்லை. நெடுநேரம் காய்ச்சிக் குழம்புக்குச் சேர்த்தார்கள்.

16ஆம் நூற்றாண்டில் போர்த்துக்கீசர் இந்தச் செடியை ஆபிரிக்காவுக்குக் கொண்டுபோனார்கள். அடிமைக் கப்பல்களில் அடைத்துக் கொண்டுபோன மனிதர்களுக்குப் போட்ட சாப்பாட்டில் மரவள்ளி மாவும் ஒன்று. இலங்கைக்கு அது 1786இல் ஒல்லாந்த ஆளுநர் வன் டி கிராவின் காலத்தில், மொரிசியசிலிருந்து வந்தது.

நஞ்சு குறைந்த இனிப்பு வகை இருக்கும்போது ஏன் கசப்பு வகையை நடவேண்டும்? நானும் இதைத்தான் யோசித்தேன். பன்றியும் குரங்கும் கசப்புக் கிழங்கைக் கிண்டித் தின்பது குறைவு. கள்ளனும் பிடுங்கி உடனே தின்ன ஏலாது. மலாவி நாட்டில் பெண் விவசாயிகள் இதைத் தெரிந்துகொண்டே கசப்பு வகையை நடுகிறார்கள். ஏழையின் தோட்டத்துக்கு நஞ்சுதான் வேலி.

அப்படியானால் ஆபத்து எங்கேயிருந்து வந்தது?

1938இல் பெல்ஜியத்தின் ஆட்சியிலிருந்த கொங்கோவின் குவாங்கோ பகுதியில், ட்ரோலி என்ற வைத்தியர் ஒரு விசித்திர நோயைப் பற்றி எழுதினார். நேற்றுவரை ஓடித் திரிந்த பிள்ளைக்குத் திடீரெண்டு இரண்டு காலும் விறைத்துப்போகிறது. அதற்குப் பிறகு அது கூடுவதுமில்லை, மாறுவதுமில்லை. வாழ்நாள் முழுக்க அப்படியே. கூடுதலாகப் பாதிக்கப்பட்டவர்கள் சிறுவர்களும் பிள்ளைபெறும் வயதுப் பெண்களும். அந்தப் பகுதியின் யாக்கா மொழியில் இதற்குப் பெயர் கொன்சோ. கட்டப்பட்ட கால்கள் எண்டு அர்த்தம்.

1981இல் மொசாம்பிக்கின் நம்புலா மாகாணத்தில் கடும் வரட்சி. மற்றப் பயிரெல்லாம் கருகிப்போக, மரவள்ளி மட்டும் மிஞ்சியது. வரட்சியில் கிழங்கின் நஞ்சு கூடும் எண்டது ஒரு பக்கம். வழமையாக வாரக்கணக்கில் வெயிலில் காயவைக்கும் கிழங்கை, பசி தாங்காமல் அவசரமாக எடுத்துச் சமைத்தது மறு பக்கம். சயனைட்டை முறிக்க உடம்புக்குக் கந்தகம் உள்ள புரதம் வேண்டும். மீனும் பயறும் இல்லாத வீட்டில் அதுக்கு எங்கே போவது? 1,100க்கு மேற்பட்டவர்களின் கால்கள் முடங்கின.

அப்போது நக்காலா நகரில் ஹான்ஸ் ரோஸ்லிங் எண்ட இளம் சுவீடன் வைத்தியர் வேலை செய்துகொண்டிருந்தார். இது தொற்றுநோயோ எண்ட பயம் முதலில் எல்லாருக்கும் இருந்தது. பாதையை மறிக்கட்டோ எண்டு நகர மேயர் கேட்க, ஏதாவது செய்யத்தான் வேணும் எண்ட மாதிரி அவர் பதில் சொன்னார். அடுத்த நாள் விடிய, சந்தைக்குப் போக நின்ற பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் பஸ் இல்லை. மீனவர்களின் வள்ளங்களில் ஏறிக் கடலால் போனார்கள். வள்ளங்கள் கவிழ்ந்து அத்தனை பேரும் இறந்தார்கள். 2018இல் வெளிவந்த 'ஃபாக்ட்ஃபுல்னஸ்' புத்தகத்தில் ரோஸ்லிங் இதைத் தன்னுடைய பிழையாகவே எழுதியிருக்கிறார். நஞ்சு தொடாத ஆக்களையும் நஞ்சைப் பற்றிய பயம் கொன்றது. இதை வாசித்த அன்றைக்கு எனக்கு வேறொன்றும் வாசிக்க ஏலாமல் போனது.

வரட்சி மட்டும்தான் காரணமோ எண்டால், அதுவும் இல்லை. கொங்கோவின் பண்டுண்டு பகுதியில் 1974இல் தலைநகருக்குத் தார் ரோடு போட்டார்கள். மரவள்ளி காசுப் பயிராகியது. மூன்று நாள் தண்ணியில் ஊறவேண்டிய கிழங்கை ஒரே நாளில் எடுத்துக் காயவைத்து லொறியில் ஏற்றினார்கள். அதே கிழங்கைத்தான் வீட்டிலும் தின்றார்கள். கொன்சோ வந்தது. 1992, 93இல் திரும்பவும் மொசாம்பிக். இந்த முறை காரணம் போர்.

இந்த இடங்களில் செடி பழையதுதான், அதைப் பக்குவப்படுத்தும் அறிவும் சனத்திடம் முந்தியே இருந்தது. இல்லாமல் போனது நேரம். வரட்சி, சந்தை, போர் மூன்றுமே முதலில் பறித்தது அதைத்தான். "தெரியாமல் தின்றுபோட்டினம்" எண்டு பாதிக்கப்பட்ட சனத்தின் தலையில் பழியைப் போடுவது சுகம். அந்தத் தாய்மாருக்கு எல்லாம் தெரியும். அழுகிற பிள்ளைக்கு மூன்று நாள் பொறு எண்டு சொல்லத்தான் அவர்களால் முடியவில்லை.

தீர்வும் அதே அறிவின் தொடர்ச்சிதான். ஹவார்ட் பிராட்பரி என்ற அவுஸ்திரேலிய விஞ்ஞானி சொன்ன முறை மிக எளிது. மரவள்ளி மாவைத் தண்ணியில் குழைத்து, மெல்லிசாகப் பரப்பி, நிழலில் ஐந்து மணித்தியாலம் விட்டால் நஞ்சு பறந்துவிடும். கொங்கோவின் கிராமங்களில் பெண்கள் இதைப் பழகிச் செய்து, புதிதாகக் கொன்சோ வராமல் தடுத்திருக்கிறார்கள்.

எங்கட நாட்டிலும் பஞ்சக் காலங்களின் சாப்பாடு மரவள்ளிதான். 1973இல் கூப்பன் அரிசியைக் குறைத்த காலத்தைப் பற்றிக் கதைக்கிற பெரியாக்கள் முதலில் சொல்வது இந்தக் கிழங்கைத்தான். நாங்கள் கூடுதலாகச் சாப்பிடுவது நஞ்சு குறைந்த வகை. தோலை உரித்து, வெட்டி, திறந்த பானையில் நிறையத் தண்ணி விட்டு அவித்து, வடித்தால் போதும். பச்சையாகத் தின்னக்கூடாது, கசந்தால் எறிந்துவிட வேண்டும்.

ஒப்படை முடிந்த பிறகு அம்மம்மாவிடம் 95 இடப்பெயர்வைப் பற்றிக் கேட்டேன். தென்மராட்சியில் தெரிந்தவர் வீட்டு விறாந்தையில் ஏழு பேர் இருந்தார்களாம். கிணற்றடியில் நீண்ட வரிசை, விறகும் இல்லை. மரவள்ளிதான் சாப்பாடு.

"அப்பவும் தண்ணியை வடிச்சு ஊத்தினீங்களோ?" எண்டு கேட்டேன்.

"ஊத்தாமல்? உன்ர அம்மா பசியிலை கத்தினவள்தான். அவிஞ்சு வடிக்கும்வரைக்கும் நான் குடுக்கேல்லை" என்றா.

அரை மணித்தியாலம் அவிக்கிற கிழங்கு எண்டபடியால் அம்மம்மாவால் பொறுக்க முடிந்தது. நம்புலாவில் அதே மாதிரி இருந்த ஒரு தாய், வாரக்கணக்கில் பொறுத்திருக்க வேண்டியிருந்தது.